பச்சையப்பாஸ்: ஓர் எஸ்ஸும் ஒரு மேல் கமாவும்

காஞ்சிபுரத்தில் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரி ஒன்றின் ஆங்கிலப் பெயர் 'பச்சையப்பாஸ் காலேஜ் ஃபார் மென்'. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை, உடைமை என்று மூன்று வடிவங்கள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அந்த மூன்றுக்கும் உதாரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். இந்த ஒரு பெயரிலேயே மூன்றும் இருக்கின்றன. 'காலேஜ்' என்பது ஒருமை. 'மென்' என்பது பன்மை. 'பச்சையப்பாஸ்' என்பது உடைமை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "கடைசியில் எஸ் சேர்த்தால் பன்மை" என்று படித்த பிள்ளை இந்தப் பெயரைப் பார்த்தால் குழம்பிப் போகும். எஸ் இருக்கிற சொல் பன்மை இல்லை. பன்மையான சொல்லில் எஸ் இல்லை. 'பச்சையப்பா' என்பதற்கும் எஸ்ஸுக்கும் நடுவில், தலைக்கு மேலே கமா போல ஒரு சின்னக் குறி தொங்குகிறது. அபாஸ்ட்ரஃபி என்னும் அந்தக் குறிதான் "இது பலர் அல்ல, ஒருவருடையது" என்று சொல்கிறது.

அந்த ஒருவர் யார்? கல்லூரி தொடங்குவதற்கு 153 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். இறந்தவருக்கு எப்படி ஒரு கல்லூரி உடைமையாகும்? இலக்கணக் கேள்வி போலத் தோன்றும் இது உண்மையில் ஒரு வழக்கின் கதையும் ஆகும்.

துபாஷியின் உயில்

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். சென்னைக்கு வந்து பவுனி நாராயண பிள்ளை என்பவரின் ஆதரவில் வளர்ந்து, துபாஷியாகப் பெரும் பொருள் ஈட்டினார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவே நின்று, பேச்சையும் வியாபாரத்தையும் இரு பக்கமும் கொண்டு செல்வது அவர்கள் தொழில். இன்று ஆங்கில உடைமை விகுதியோடு வழங்கும் பெயருக்குரியவர், அந்த இரு மொழிகளுக்கும் நடுவில் நின்று பிழைத்தவர் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

1794 மார்ச்சில், நாற்பது வயதில் அவர் இறந்தார். பிள்ளைகள் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதியைக் கோயில் கட்டளைகளுக்கும் தர்ம காரியங்களுக்கும் எழுதி வைத்திருந்தார். கல்லூரி கட்டச் சொல்லி அவர் எழுதவில்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களும் உறவினர்களும் சொத்துக்காக மோதிக்கொண்டார்கள். தர்மங்கள் நின்றுபோயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1801இல் சென்னையில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட் வரை விவகாரம் போனது.

நீதிமன்றம் தலையிட்ட பிறகு பணம் மீட்கப்பட்டது. கோயில் தர்மங்களுக்கு என்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் வட்டியோடு பெருகியிருந்த மிச்சப் பணத்தைக் கல்விக்குச் செலவிடுவது என்று முடிவானது. அப்போது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் முக்கியப் பங்கு வகித்தார். 1842 ஜனவரியில் சென்னை பாப்பம்ஸ் பிராட்வேயில் 'பச்சையப்பாஸ் சென்ட்ரல் இன்ஸ்டிடியூஷன்' என்ற பள்ளி திறக்கப்பட்டது. இது 1889இல் கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. 1947 வரை அதில் இந்து மாணவர்கள் மட்டுமே சேர முடியும் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி.

ஆக, பச்சையப்பர் இறந்து 48 ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பெயருக்குப் பின்னால் இந்த எஸ் ஏறியது. அவர் பணம்தான், ஆனால் அவர் கண்ட கனவு என்று சொல்லிவிட முடியாது. நீதிமன்றமும் அறங்காவலர்களும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த உடைமை அது.

அந்த எஸ் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ் என்று இருப்பது தற்செயல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு. கல் என்பதற்கு அன்று 'ஸ்தான்' என்று சொன்னார்கள். கற்கள் என்றால் 'ஸ்தானஸ்'. கல்லினுடைய என்றால் 'ஸ்தானெஸ்'. தமிழைப் போலவே அன்றைய ஆங்கிலத்திலும் பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபுகள் வரிசையாக நின்றன. காலப்போக்கில் ஈற்றில் இருந்த உயிரெழுத்துகள் தேய்ந்தன. 'அஸ்', 'எஸ்' இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. மற்ற உருபுகள் உதிர்ந்துபோக, இந்த எஸ் மட்டும் இரண்டு வேலைகளைத் தலையில் சுமந்துகொண்டு மிஞ்சியது.

மேல் கமா இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக வந்ததும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்ட குறி அது. "இங்கே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது" என்று காட்டுவதே அதன் வேலை. உடைமைச் சொல்லில் இருந்த 'இ' ஒலி உச்சரிப்பில் மறைந்துவிட்டதால் அங்கேயும் அந்தக் குறியைப் போடத் தொடங்கினார்கள்.

ஏன் போடுகிறோம் என்பதையே பிறகு மறந்துவிட்டார்கள். 'ராஜாவின் கப்பல்' என்பதை அந்தக் காலத்தில் "ராஜா அவனுடைய கப்பல்" என்ற பாணியில், நடுவில் 'ஹிஸ்' போட்டு எழுதும் பழக்கமும் இருந்தது. பென் ஜான்சன் எழுதிய ஒரு நாடகத்தின் பெயரே 'சிஜேனஸ் ஹிஸ் ஃபால்' என்று 1605இல் அச்சானது. இதைப் பார்த்த பலர், எஸ் என்பது 'ஹிஸ்' என்பதன் சுருக்கம்தான் என்று நம்பினார்கள். அப்படியானால் 'ராணியின் கிரீடம்' என்பதில் 'ஹிஸ்' எப்படி வரும்? 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத், இந்த நம்பிக்கை தவறு என்றும் அது பழைய வேற்றுமை உருபின் மிச்சம் என்றும் விளக்கினார்.

உடையவர் பலராக இருந்தால் எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட வேண்டும் என்ற விதி இன்னும் தாமதமாக, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெறத் தொடங்கியது. லிண்ட்லி மர்ரே எழுதிய புகழ்பெற்ற ஆங்கில இலக்கண நூல் வெளிவந்தது 1795இல். பச்சையப்பர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு! அவர் பெயரில் பள்ளி திறந்தபோது, இந்த விதிகள் இங்கிலாந்திலேயே ஏறக்குறைய அப்போதுதான் காய்ந்த மை.

'மென்' என்னும் பன்மை இந்தக் கதையில் சேராத தனிக்கதை. அதற்கு எஸ் தேவைப்படவில்லை. மிகப் பழைய ஜெர்மானிய மொழியில் 'மன்' என்பதன் பன்மை விகுதியில் ஓர் இகரம் இருந்தது. அது முன்னால் இருந்த அகரத்தைத் தன் பக்கம் இழுத்து எகரமாக்கிவிட்டு, தான் மறைந்துபோனது. 'ஃபுட்', 'ஃபீட்' ஆவதும் 'டூத்', 'டீத்' ஆவதும் இதே காரணத்தால்தான். பள்ளிப் புத்தகம் இவற்றை விதிவிலக்கு என்று தனிப் பட்டியலில் வைக்கிறது. உண்மையில் இவையும் ஒரு விதியில் பிறந்தவையே. ஓர் எழுத்து பக்கத்து எழுத்தை மாற்றுவது தமிழில் புணர்ச்சி படித்தவர்களுக்குப் புதிதல்ல.

ஓர் எழுத்துக்காக நின்ற அரங்கேற்றம்

காஞ்சிபுரத்துக்கு எழுத்துச் சண்டை பழகியதுதான். குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதல் பாட்டிலேயே தடை வந்தது என்று ஒரு கதை உண்டு. ழகர ஒற்றும் தகரமும் சேர்ந்து டகரமாகும்படி அவர் பாடியிருந்தார். "இதற்கு இலக்கணத்தில் விதி உண்டா?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். விதி தெரியாமல் அன்றைய அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் கொண்டுவந்து அதில் இருக்கும் விதியைக் காட்ட, புராணம் தொடர்ந்தது. முருகனே புலவராக வந்தார் என்பது பக்தர்கள் நம்பிக்கை. கதை எப்படி இருந்தாலும், ஓர் எழுத்துக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் இந்த ஊரில் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

அதே கேள்வியை ஒருமை, பன்மை, உடைமை பற்றித் தமிழிடம் கேட்டால் பதில் சுவையாக இருக்கிறது.

முதலில் பன்மை. இன்று எதற்கும் 'கள்' சேர்க்கிறோம். தொல்காப்பியக் காலத்தில் 'கள்' என்பது அஃறிணைக்கு மட்டும் உரிய விகுதி. அதுவும் கட்டாயம் இல்லை. "மரம் விழுந்தன" என்றாலே பல மரங்கள் என்று புரிந்துவிடும். மனிதர்களுக்கு 'அர்', 'ஆர்', 'மார்' போன்றவை போதுமானவையாக இருந்தன. திருக்குறளில் 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என்று மனிதர்க்கும் 'கள்' வந்துவிடுகிறது. அந்தக் குறளுக்குப் புகழ்பெற்ற உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. நாளடைவில் 'அர்' என்ற பன்மை மரியாதைக்குரிய ஒருவரைக் குறிக்கவும் பயன்பட்டதால், உண்மையான பன்மையைக் காட்ட 'கள்' தேவைப்பட்டது. பிறகு அந்த 'அவர்கள்' என்பதும் மரியாதைச் சொல்லாகிவிட்டது.

'பச்சையப்பன்' என்பதில் உள்ள 'அன்' ஆண்பால் ஒருமை. 'முதலியார்' என்பதில் உள்ள 'ஆர்' மரியாதைப் பன்மை. ஒரே மனிதரின் பெயரில் தமிழ் இரண்டையும் வைத்திருந்தது. ஆங்கிலப் பலகை 'ன்' என்பதையும் விட்டது, 'முதலியார்' என்பதையும் விட்டது. நடுவில் இருந்த 'பச்சையப்பா' என்பதோடு தன் எஸ்ஸை ஒட்டிக்கொண்டது.

அடுத்து உடைமை. தமிழில் இது ஆறாம் வேற்றுமை. நன்னூல் இதற்குச் சொல்லும் விதி ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று. உடைய பொருள் ஒன்றானால் 'அது' அல்லது 'ஆது' வரும். பலவானால் 'அ' வரும். 'எனது கை' சரி. இரண்டு கைகளைச் சொல்லும்போது 'என கைகள்' என்பதுதான் நன்னூல் வழக்கு. 'எனது கைகள்' என்று இன்று எல்லோரும் எழுதுவது பழைய இலக்கணப்படி வழு. அதாவது, ஆங்கில மேல் கமா உடையவர் ஒருவரா பலரா என்று பார்க்கிறது. தமிழ் உருபு உடைமை ஒன்றா பலவா என்று பார்த்தது.

இன்னொரு பிரிவும் உண்டு. சாத்தனது கை என்பது அவனிடமிருந்து பிரிக்க முடியாதது, அது தற்கிழமை. முருகனது வேல் என்பது அவரிலிருந்து வேறான பொருள், அது பிறிதின்கிழமை. பச்சையப்பனது கல்லூரி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பிறிதின்கிழமைப் பொருள் கைமாறக் கூடியது. அதனால்தான் வழக்கு வருகிறது, அறங்காவலர்கள் தேவைப்படுகிறார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. உயர்திணைப் பெயரை இந்த 'அது' உருபால் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. 'நம்பி மகன்' என்பதை விரித்தால் 'நம்பிக்கு மகன்' என்று வர வேண்டும். 'நம்பியது மகன்' என்று வரக்கூடாது. மனிதன் மனிதனுக்கு உறவாகலாம், உடைமையாக முடியாது. அந்தக் கணக்கில் கல்லூரி பச்சையப்பனது ஆகலாம். அதில் படிக்கும் மாணவன் பச்சையப்பனுக்குத்தான் மாணவன்.

ஒருவரா, பலரா?

ஆங்கில மேல் கமாவின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பது வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரியும். கூட்டாண்மைக் கணக்கில் 'பார்ட்னர்ஸ் கேப்பிட்டல்' என்று எழுதும்போது குறி எஸ்ஸுக்கு முன்னால் இருந்தால் ஒரு கூட்டாளியின் முதல். பின்னால் இருந்தால் எல்லாக் கூட்டாளிகளின் முதல். வாயால் சொன்னால் இரண்டும் ஒரே ஒலி. காதுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண்ணுக்கு மட்டும் காட்டும் குறி அது. தமிழில் 'கூட்டாளியின் முதல்', 'கூட்டாளிகளின் முதல்' என்று சொல்லும்போதே விளங்கிவிடும்.

காஞ்சிபுரத்தில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பட்டு நெசவில் பெரும்பாலும் பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். தறியில் உட்கார்ந்து நெய்பவருக்குக் கூலி கிடைக்கும். நெய்த சேலை நெய்தவருடையது ஆகாது. 2008இல் பிரியதர்ஷன் இயக்கத்தில் வந்த 'காஞ்சிவரம்' படத்தின் கதையே இதுதான். மகளுக்குப் பட்டுச் சேலை கட்டி அனுப்ப ஆசைப்படும் நெசவாளி, தான் நெய்யும் பட்டிலிருந்தே இழை திருட வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாக வந்தவைதான் கூட்டுறவுச் சங்கங்கள். கோ-ஆப்டெக்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு 1935இல் தொடங்கப்பட்டது. அதன் முழு ஆங்கிலப் பெயரில் 'ஹேண்ட்லூம் வீவர்ஸ் கோ-ஆபரேட்டிவ் சொசைட்டி' என்று வரும். இங்கே குறி எஸ்ஸுக்குப் பின்னால் போட வேண்டும். நெசவாளர்கள் பலர், சங்கம் அவர்கள் எல்லோருடையது. குறியைத் தவறுதலாக எஸ்ஸுக்கு முன்னால் போட்டுவிட்டால் ஒரே ஒரு நெசவாளியின் கடை என்றாகிவிடும். காஞ்சிபுரத்திலும் காமாட்சியம்மன் பெயரிலும் அறிஞர் அண்ணா பெயரிலும் இத்தகைய பட்டு நெசவாளர் சங்கங்கள் உண்டு. ஆங்கிலத்தில் இந்தப் பெயர்களை எழுதும்போது பெரும்பாலும் குறியையே விட்டுவிடுகிறார்கள். அப்போது 'வீவர்ஸ்' என்பது வெறும் பன்மைதான். நெசவாளர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். சங்கம் அவர்களுடையது என்பது பலகையில் தெரியாது.

அண்ணாவின் வாழ்க்கை இந்த இரண்டு பலகைகளையும் தொட்டுச் செல்கிறது. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இங்கே பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். குடும்ப நிலை காரணமாக இடையில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பெயர் பெற்ற அவர் 1967இல் முதலமைச்சர் ஆனார். யாருடைய பணம், யாருக்கான படிப்பு என்று பார்த்தால், 1794இல் இறந்த துபாஷியின் வட்டிப் பணம் நூற்றுமுப்பது ஆண்டு கழித்து ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குறி உதிர்கிறது

இந்த மேல் கமா இன்று உலகம் முழுவதும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஊர்ப் பெயர்களை முறைப்படுத்தும் வாரியம் 1890இல் ஏற்பட்ட காலத்திலிருந்தே உடைமைக் குறியைத் தவிர்த்து வருகிறது. லண்டனின் ஹாரட்ஸ் கடையின் பெயரில் குறி இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் பெயரிலிருந்து அதை நீக்கியது. இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2001இல் அபாஸ்ட்ரஃபியைக் காப்பாற்ற ஒரு சங்கமே தொடங்கினார். அலட்சியம் வென்றுவிட்டது என்று சொல்லி 2019இல் அதிலிருந்து ஓய்வு பெற்றார். சென்னை அண்ணா சாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸ் பெயரிலும் எஸ் மட்டும் இருக்கிறது, குறி இல்லை.

தமிழர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். தமிழில் 'பச்சையப்பன் கல்லூரி' என்று எழுதுகிறோம். 'அது' என்ற உருபு மறைந்து நிற்கும் ஆறாம் வேற்றுமைத் தொகை அது, குறியே தேவையில்லை. பேச்சிலோ 'பச்சையப்பாஸ்' என்று எஸ்ஸையும் பெயரோடு சேர்த்து விழுங்கியாகிவிட்டது. "பச்சையப்பாஸ்ல படிக்கிறான்" என்று சொல்லும்போது அந்த எஸ்ஸின் மேல் தமிழ் உருபான 'இல்' வேறு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலேயரின் ஆறாம் வேற்றுமைக்கு மேல் தமிழரின் ஏழாம் வேற்றுமை!

உடையவர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் பெயரில் உள்ள எஸ் இன்று எதையும் அவருக்குச் சொந்தமாக்கவில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் கல்லூரியில் சேர வருபவர்களில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்தக் குறியை எஸ்ஸுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரு நொடி தயங்குவார்கள். இலக்கணப்படி முன்னால்தான் போட வேண்டும். ஆனால் படிக்கப் போவது அவர்கள். பின்னால் போட்டுவிட்டால்கூட அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.